மூன்றாவது பந்துக்கு ஒரு பெயர்

ஏரம்பர் எங்கள் முற்றத்தில் நின்று தேத்தண்ணி கேட்ட அன்று வீட்டில் சீனி இல்லை. பனங்கட்டியும் இல்லை. வயலில் ஏதோ வேலை சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அம்மா தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு ஓரமாக நின்றாள். எங்கள் குடிசை அவருடைய காணியின் வாய்க்கால் மூலையில் இருந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைத் தோட்டங்களில் இருந்து தமிழரை அடித்துக் கலைத்தபோது, அண்ணன் ராசுவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அம்மாவும் அப்பாவும் ஸ்கந்தபுரத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்த மூலைதான். நான் பிறந்தது அங்கே. அப்பா மலேரியாவில் செத்ததும் அங்கே. அவ்வளவு காலத்திலும் ஏரம்பர் வேலிப் படலைக்கு வெளியே நின்று "ராக்காயி" என்று ஒரு தரம் கூப்பிடுவார், அம்மா ஓடிப்போவாள். படலையைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு தேத்தண்ணி போடன் ராக்காயி. வெய்யில் நெருப்பாக் கிடக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். ஏரம்பர் வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு தகரப் பேணி இருந்தது. மாட்டுக்கொட்டிலின் மரத்தில் ஒரு ஆணியில் தொங்கும். வயலில் இருந்து ஏறினால் அம்மா அதை எடுத்து நீட்டுவாள். வீட்டுக்கார அம்மா முட்டாமல் உயரத்தில் பிடித்து ஊற்றுவா. அம்மா குடித்துக் கழுவித் திரும்ப அதே ஆணியில் கொளுவிவிட்டு வருவாள். நானும் அந்தப் பேணியில் குடித்திருக்கிறேன். அதைப் பற்றி அம்மா ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆகையால் அன்று என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறகு நான் பின்பக்கத்தால் ஓடி, பக்கத்து வீட்டில் ஒரு கண்ணாடிக் கிளாசும் ஒரு பிடி சீனியும் வாங்கி வந்தேன்.

ஏரம்பர் நின்றபடியே குடித்தார். கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தார். குடிக்கிறதை நாங்கள் பார்க்கவேண்டும் என்பதுபோல மெதுவாகக் குடித்தார்.

"தம்பி எங்கை?" என்றார்.

யாரைக் கேட்கிறார் என்று விளங்க ஒரு கணம் பிடித்தது. ராசு அவருக்கு அதுவரை 'ராக்காயின்ரை பெடியன்'.

"களத்துல நெல்லுச் சூடு மிதிக்கப் போயிருக்குங்க ஐயா."

"ம். நல்ல பிள்ளை. எங்கட பிள்ளை. கிளிநொச்சி ரவுணுக்கு விளையாடப் போகப்போறானாம் எண்டு சனம் கதைக்குது. நான் நம்பேல்லை." கிளாசை அம்மாவின் கையிலேயே கொடுத்தார். படலைவரை போய்த் திரும்பி, எங்கள் கூரையை, அடுக்களைச் சாய்ப்பை, வாய்க்காலை எல்லாம் ஒருமுறை பார்த்தார். "இந்த மூலையிலை ஒரு மாட்டுப்பட்டி அடைப்பம் எண்டு கனநாளா ஒரு யோசனை. தண்ணி கிட்ட. பாப்பம்."

அவர் போனபிறகு அம்மா அந்தக் கிளாசைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் கேட்டதில்லை.

"ஒரு கிளாசு தேத்தண்ணி குடிச்சிட்டு எம்புள்ளய வாங்கிட்டுப் போகலாம்னு பாக்குறாரு பாருடி."

எல்லாவற்றுக்கும் காரணம் எல்லே விளையாட்டு. அந்த வருடம், தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில், சண்டை நின்றிருந்தது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்றார்கள். எப்போது முறியும் என்று ஒருவருக்கும் தெரியாததால் எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தோம்: கலியாணம், கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி. அதற்கு முதல் வருடங்களில் பொருள் தடையால் பந்து என்று ஒன்று வன்னிக்குள் வருவதில்லை. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டித் துணிமேல் சுற்றி ஒரு பந்து செய்து, அதைத்தான் எங்கள் ஊர் மருதம் கழகம் அடித்தது. சமாதானம் வந்ததும் வவுனியாவுக்குப் போன யாரோ ஒரு ரெனிஸ் பந்து கொண்டுவந்தார்கள். அதுவும் வரும்போதே மொட்டை.

எல்லே தெரியாதவர்களுக்கு: ஒரு நீளமான மூங்கில் தடி. மூன்று பந்து போடுவார்கள். அடித்தால், வட்டத்தில் குறித்த தரிப்பிடங்களைத் தொட்டுத் தரிப்பு தரிப்பாகச் சுற்றி ஓடி வரவேண்டும். அடித்த பந்தைப் பிடித்தாலும், ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து பட்டாலும் ஆள் வெளியே. இதில் விசேஷம், பந்து போடுகிறவன் அடிக்கிறவனுடைய சொந்தக் கட்சிக்காரன். ஏமாற்றுவதற்காக அவன் போடுவதில்லை. அடிப்பவனுக்கு வாய்ப்பாகப் போடுவதுதான் அவனுடைய கெட்டித்தனம். ஆனால் ஒவ்வொரு கழகத்திலும் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். சிலர் இயக்கத்துக்கு, சிலர் கொழும்பால் வெளிநாட்டுக்கு. பந்து போடத் தெரிந்த கை இல்லாமல் போனபிறகு, எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் வந்தது. மூன்றாவது பந்துக்கு மட்டும், மைதானத்தில் நிற்கிற எவரையும் அடிக்கிறவன் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். கூப்பிட்டால் மறுக்கக்கூடாது. ஒருமுறை ஒருவன், வேலிச் சண்டையால் வருடக்கணக்காகக் கதைபேச்சில்லாத மாமனாரைக் கூப்பிட்டுவிட்டான். மாமனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மருமகனுடைய முழங்காலுக்குக் குறிபார்த்து எறிந்தார். சனம் அதை ஒரு வருடம் சொல்லிச் சிரித்தது.

ராசுவுக்குப் போடுகிறவன் செந்தூரன். ஏரம்பரின் மகன், மருதத்தின் கப்டன். சின்ன வயதில் இரண்டு பேரையும் நெல்லுக்குக் குருவி கலைக்க விடுவார்கள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நின்று அவன் விளாங்காயைப் போடுவான், இந்தப்பக்கம் நின்று இவன் மண்வெட்டிப் பிடியால் அடிப்பான். இடுப்பு உயரத்தில், உடம்புக்குக் கொஞ்சம் வெளியே, விழத் தொடங்குகிற நேரத்தில் பந்து வரவேண்டும். அப்படி வந்தால் ராசு அவசரப்படமாட்டான். எல்லாரும் 'விட்டுட்டான்' என்று நினைக்கிற கணத்தில்தான் தடி அசையும். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு பந்தைத் தேடிப் போகவேண்டியதுதான். அந்தத் தடி கழகத்தின் தடி. இருந்தது எங்கள் அடுப்புக்கு மேலே. பச்சை மூங்கிலைப் புகையில் கட்டித் தொங்கவிட்டால் பாரம் குறைந்து இறுகும் என்று செந்தூரன்தான் கொண்டுவந்து கட்டினான். பரணுக்கு ஏறுகிறவன், இறங்கும்போது சட்டியில் இருக்கிறதைத் தின்றுவிட்டுப் போவான். ரொட்டி, பச்சைமிளகாய்ச் சம்பல். வீட்டில் சொல்லமாட்டான். அம்மாவும் அதைப் பெரிதாக எடுக்கமாட்டாள். "மொதலாளி மகனே, சட்டியையாவது வெச்சிட்டுப் போ" என்பாள்.

மருதத்தில் நல்லாக அடிக்கிற ஒருத்தன் வந்தால் இரண்டு வருடத்துக்குமேல் நிற்கமாட்டான். கிளிநொச்சி ரவுண் கழகம் கேட்டுவிடும். அவர்களிடம் காலுக்குச் சப்பாத்து இருந்தது, ஆட்களை ஏற்ற ட்ரக்டர் இருந்தது, வேலை கொடுக்க முதலாளிமார் இருந்தார்கள். "நாங்கள் நாத்துமேடையடா" என்று செந்தூரன் சொல்வான். "நடுறது, வெட்டுறது எல்லாம் ரவுணிலை."

ராசுவைக் கேட்டு வந்தவர் அரிசி மில் அப்புத்துரை. மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிளில், அவர் வருவதற்கு முன்னமே அவருடைய புகை வந்துவிடும்.

"அம்மா, உங்கட பெடியன் மாசியிலை அடிச்ச பந்து இன்னும் கீழை விழேல்லை. அதைத் தேடித்தான் வந்தனான்" என்று சிரித்தபடி இறங்கினார். அம்மாவை 'அம்மா' என்றார், 'நீங்கள்' என்றார். மில்லில் ராசுவுக்கு வேலை. மில்லுக்குப் பின்னால் சீமெந்து நிலத்தோடு ஓடு போட்ட ஒரு அறை. அதில் நாங்கள் மூன்று பேரும் இருக்கலாம்.

"சித்திரை வருஷக் கப்பை மட்டும் எடுத்துத் தரட்டும். சும்மா ஒருத்தனுக்கு அறையைக் குடுத்தா மற்ற வேலையாக்கள் என்னைத் தின்னுவாங்கள். கப்போடை வந்தா ஒருத்தரும் வாய் திறக்கேலாது."

"ஒருவேள தோத்துட்டா என்னங்க?" என்றாள் அம்மா.

"ராசு இருக்கேக்கை ஏனம்மா தோப்பான்?"

அவர் போனபிறகு அம்மா சொன்னாள், "கேட்டதுக்குப் பதில் சொல்லல, கவனிச்சியா?"

ஆக இரண்டு பக்கமும் வாசலில் ஒரு நிபந்தனை இருந்தது. ரவுணுக்குப் போனால் இந்த மூலை போய்விடும். போய்த் தோற்றால் அந்த அறையும் இல்லை. போகாமல் இருந்தால் மூலை இருக்கும், ஆணியில் பேணியும் இருக்கும். ராசு சாப்பிடாமல் தட்டைச் சுற்றிக்கொண்டு இருந்தான். "நான் போகல" என்றான். வெளியே 'ஓம்' என்று சொல்லுகிறவன் வீட்டில் எங்களைப்போல 'ஆமா' என்பான். கோபம் வந்தால் இரண்டும் கலந்துவிடும். "போகேல்லைன்னு சொல்லிட்டேன், விடுங்க."

"போ" என்றாள் அம்மா. "இவ்வளவு காலமா அந்தாளு வெளிய நின்னாரு, எனக்கு ஒண்ணும் தெரியல. உள்ள வந்து குடிச்சாரு பாரு, அப்பதான் எல்லாம் தெரிஞ்சிச்சு. போ."

பின்னேரம் செந்தூரன் வந்தான். நான் வாய்க்காலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் எனக்குச் சற்று மேலே, வாய்க்கால் கட்டின்மேல் குந்தியிருந்தார்கள். தண்ணீருக்குள் மண்ணாங்கட்டி எறிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"போறியோ?"

"நீ என்ன சொல்லுறாய்?"

"நான் கப்டன். போகாதை எண்டுதான் சொல்லவேணும்."

"சொல்லன்."

இன்னொரு மண்ணாங்கட்டி விழுந்தது.

"வாய் வருகுதில்லை. உனக்குத் தர எங்களிட்டை என்னடா கிடக்கு? கிடந்த ஒரு பந்தும் மொட்டைப் பந்து."

ராசு சிரித்தான். பிறகு, "உன்ரை அப்பா பட்டி அடைக்கப் போறாராம்" என்றான்.

"தெரியும். கம்பு வெட்டச்சொல்லி என்னட்டைத்தான் சொன்னவர்."

"வெட்டினியா?"

"கத்தி மொட்டை எண்டு சொல்லிப்போட்டன்."

சிரிப்புக் கேட்டது. அந்த வயதுப் பெடியள் சிரிக்கிற, ஒருவன் நிறுத்தினால் மற்றவன் தொடங்குகிற சிரிப்பு. பிறகு செந்தூரன் எழும்பி எங்கள் அடுக்களைக்குள் போய், கைகளில் கரி அப்ப, தடியை அவிழ்த்துக்கொண்டு வந்தான்.

"அது கழகத்தின்ரை" என்றான் ராசு.

"உன்ரை அம்மான்ரை புகையிலை விளைஞ்ச தடி. கொண்டு போ."

அந்த இரண்டு குரல்களையும் என்னைத்தவிரக் கேட்டவர்கள் இப்போது ஒருவரும் இல்லை. செந்தூரன் அதற்கடுத்த வருடம் சத்தமில்லாமல் வீட்டைவிட்டு இயக்கத்துக்குப் போனான்; பெட்டி மூடியபடி வந்தது, புதைத்த துயிலும் இல்லத்தையும் பிறகு இடித்துவிட்டார்கள். ராசு அதற்கு நெடுங்காலத்துக்குப் பின்னால், கடைசிச் சண்டையில், கடற்கரையில், பிள்ளைகளுக்குக் கஞ்சி வாங்க வரிசையில் நின்ற இடத்தில் எறிகணை விழுந்து. இன்ன இடம் என்று கையை நீட்டிக் காட்ட எனக்கு இருவருக்குமே ஒரு அடி மண் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்த வாய்க்கால் கட்டு எனக்கு அவ்வளவு தெளிவாக இருக்கிறது. கழுவிய சட்டியின் அடியில் ஒட்டியிருந்த கரி வரைக்கும்.

சித்திரை வருடப் பிறப்புக்கு மறுநாள் இறுதிப் போட்டி. ரவுணும் மருதமும். விடியவே அம்மா சட்டி பானைகளை ஒரு சாக்கில் கட்டிவிட்டாள். வென்றாலும் தோற்றாலும் இந்த மூலை இனி இல்லை என்பது அவள் கணக்கு. மைதானத்துக்குப் போகிற வழியில் என்னை ஒழுங்கையில் நிறுத்திவிட்டு ஏரம்பர் வளவுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் அந்தத் தகரப் பேணி இருந்தது.

"அதை எதுக்கும்மா?"

"என்னோடதுதானே."

மைதானம் அறுத்த வயல்போல வெடித்துக் கிடந்தது. ஒரு பக்கம் பந்தல் போட்டுக் கதிரைகள். அப்புத்துரை முன் வரிசையில், ஏரம்பர் அதற்கு நாலைந்து கதிரை தள்ளி. நாங்கள் பெண்கள் பக்கத்தில் வேம்புக்குக் கீழே நின்றோம். ராசு ரவுண் கழகத்தின் சிவப்புப் பெனியனோடு இறங்கியதும் எங்கள் ஊர்ப் பெடியள் தொடங்கினார்கள்.

"தவிடு தின்னப் போனவன் வாறான்ரா!"

"டேய் ராசு, மில்லுக்குள்ளை விழுந்திடாதை, குறுணலாப் போவாய்!"

அவன் எவரையும் பார்க்கவில்லை. அதில் பாதிப்பேருக்கு அவன்தான் தடி பிடிக்கக் காட்டிக்கொடுத்தவன்.

மருதம் முதலில் அடித்தது. ராசு இல்லாமல் என்ன அடிக்கப்போகிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள், அதனாலேயே வெறிபிடித்து அடித்தார்கள். ரவுண் அதைத் துரத்திக்கொண்டே வந்தது. பொழுது சாயத் தொடங்கியபோது ரவுணுக்கு ஒரே ஒரு ஆள் மிச்சம், ராசு. மூன்றாம் தரிப்பில் ஒருவன் நின்றான். அவன் வந்தால் சமம். ராசுவும் சுற்றி வந்துவிட்டால் கப் ரவுணுக்கு. மூன்று பந்தையும் தவறவிட்டால் மருதத்துக்கு.

ரவுணுக்குப் பந்து போட்டவன் உயரமான பெடியன். நல்லவன்தான். ஆனால் வேகமாகப் போட்டுப் பழகியவன். அந்த வேகத்திலேயே விளாசுகிற ஆட்கள் அவர்கள். பந்து புத்தம் புதியது, அப்புத்துரை வாங்கிக் கொடுத்தது, மஞ்சள் மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது. முதல் பந்து ராசுவின் தோளுக்கு மேலே போயிற்று. அவன் பழக்கத்தில் காத்திருந்தான். தடி சுழன்றபோது பந்து பின்னால் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் தகரத்தில் தட்டினார்கள். இரண்டாவது அவனுடைய நெஞ்சை நோக்கி வந்தது. ஒதுங்கியபடி வீசினான். காற்று.

"மச்சான், கடைசிப் பந்து! எல்லாரும் கிட்ட வாங்கோடா! ஓடினானெண்டா முதுகிலை எறி!"

பந்தலில் அப்புத்துரை காலுக்குமேல் போட்டிருந்த காலை இறக்கினார்.

ராசு தடியை நிலத்தில் ஊன்றினான். பெனியனால் முகத்தைத் துடைத்தான். நடுவரிடம் ஏதோ கேட்டான், நடுவர் தலையாட்டினார். பிறகு திரும்பி, களத்தின் நடுவே கையை இடுப்பில் வைத்து நின்றவனைப் பார்த்துச் சொன்னான்.

"செந்தூரன்."

தகரம் நின்றது.

"எதிர்க்கட்சிக்காரனையோ?" என்று அப்புத்துரை எழும்பிவிட்டார். "உமக்கு விசரோ ராசு? அவன் நிலத்திலை போடுவான்!"

"நிக்கிற எவரும் எண்டுதானே வழக்கம்" என்றார் நடுவர். "நிக்கிறார்."

எங்கள் ஊர்ப் பெடியள் செந்தூரனைச் சுற்றி வந்தார்கள். "மச்சான், சும்மா காலுக்குள்ளை போடு." "ஒண்டும் செய்யாதை, தலைக்குமேலை விடு, அதே போதும்." இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்த கழகம். ஒரு கப்பும் இதுவரை எடுத்ததில்லை. இப்போது எடுக்க வேண்டிய ஒரே வேலை, ஒரு பந்தைக் கெடுத்துப் போடுவது. கெடுத்தான் என்று ஒருவரும் நிரூபிக்கவும் முடியாது. கை வழுக்கியது என்றால் முடிந்தது.

அவன் நடந்து வந்தான். பந்தை வாங்கினான். குனிந்து அதை மண்ணில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டினான். மஞ்சள் மயிர் அடங்கி, பந்து பழுப்பாகும்வரை உருட்டினான்.

"செந்தூரன்."

ஏரம்பர். கதிரையில் இருந்து எழும்பி நின்றார். கத்தவில்லை. எங்கள் படலைக்கு வெளியே நின்று அம்மாவைக் கூப்பிடுகிற அதே குரல், ஒரு தரம்.

செந்தூரன் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவன் கழுத்து எவ்வளவு விறைத்தது என்பது எனக்குத் தெரிந்தது. ராசுவிடம் கேட்டான், எல்லாருக்கும் கேட்கும்படி:

"எங்கையடா வேணும்?"

"விளாங்காய் போட்ட இடத்திலை."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் களத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பேணியைப் பிடித்து, ஒரு உள்ளங்கையால் அதன் வாயை மூடியிருந்தாள், உள்ளே எதுவோ நிறைந்து தளும்புவதைப்போல.

பந்து செந்தூரனின் கையை விட்டது. மெதுவாக வந்தது. இடுப்பு உயரம். உடம்புக்குக் கொஞ்சம் வெளியே. மேலே வந்து, ஒரு கணம் நின்று, விழத் தொடங்கியது. ராசுவின் தடி இன்னும் அசையவில்லை. விட்டுவிட்டான் என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

விறகு முறிகிற அந்தச் சத்தம்.

பந்து வெய்யிலுக்குள் போய் மறைந்தது. எங்கள் ஊர்ப் பெடியள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பின்னால் பின்னால் ஓடினார்கள். ராசு அடித்த இடத்திலேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கே நம்பிக்கை வராததுபோல. அப்போது மருதம் கழகத்துக் கப்டன், எதிர்க்கட்சிக்காரன், கழுத்து நரம்பு புடைக்க அவனைப் பார்த்துக் கத்தினான்.

"ஓடடா!"

ராசு ஓடினான். அம்மா பேணியோடு களத்தின் பக்கம் திரும்பினாள். அவள் உள்ளங்கையை எடுக்கவில்லை.